டிராக்கோ தந்த சொல்

அளவுக்கு மீறிய கடுமையுடைய சட்டத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘டிராக்கோனியன்’ என்னும் பெயரடை வழங்குகிறது. அகராதியில் ‘மிகக் கொடிய’ என்ற பொருளைக் கண்டதும் மாணவர்கள் மனநிறைவு அடைந்துவிடுவர். ஆசிரியப் பணியில் இருந்த நாட்களில், அச்சொல்லுக்குள் ஒரு மனிதரின் பெயர் மறைந்திருப்பதை நான் அவர்களுக்கு எடுத்துக் கூறுவதுண்டு.

கி.மு. 7ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரில் சட்டம் எழுத்தில் இல்லை. வழக்கம் இன்னதென்று உரைக்கும் உரிமை உயர்குடியினரிடமே இருந்தது. கொலை நேர்ந்தால், இறந்தவனின் சுற்றத்தார் பழிக்குப் பழி வாங்கினர். இந்நிலையில், கி.மு. 621ஐ ஒட்டி, டிராக்கோ என்பவர் சட்டங்களை எழுத்தில் அமைத்தார்.

அவை கடுமையானவை என்பதே பழையோர் கருத்து. காய்கனி திருடியவனுக்கும் சோம்பித் திரிந்தவனுக்கும்கூட மரண தண்டனை விதிக்கப்பட்டதாகப் புளூடார்க் எழுதுகிறார். அச்சட்டங்கள் மையால் அன்று, குருதியால் எழுதப்பட்டவை என்று டெமாடீஸ் என்னும் நாவலர் பழித்ததையும் அவரே குறிக்கிறார். ஆயினும், புளூடார்க் டிராக்கோவுக்கு ஏறத்தாழ 700 ஆண்டுகள் பிற்பட்டவர் என்பதை நாம் மறத்தலாகாது.

கி.மு. 594இல் சோலன் என்னும் அறிஞர் டிராக்கோவின் சட்டங்களை நீக்கினார். கொலை பற்றிய சட்டத்தை மட்டும் நிலைநிறுத்தினார். கி.மு. 409-408இல் ஏதென்ஸ் மக்கள் அதனைக் கல்லில் பொறித்தனர். சிதைந்த அக்கல் ஏதென்ஸ் நகரின் கல்வெட்டுக் காட்சிசாலையில் இன்றும் உள்ளது. அது கூறுவது யாது? முன்னெண்ணம் இன்றிக் கொன்றவனுக்குத் தண்டனை நாடு கடத்தலே. வழக்கை ஆராய்ந்து முடிவு கூறுவோர் 51 நடுவர். இறந்தவனின் தந்தை, உடன்பிறந்தார், மக்கள் ஆகியோர் ஒருமனப்பட்டால், கொன்றவனை மன்னிக்கவும் இடமுண்டு. செயலை மட்டுமன்றி, செய்தவனின் உள்ளக் கருத்தையும் எடைபோடும் நீதி இது.

‘டிராக்கோனியன்’ என்ற சொல் டிராக்கோவின் கொடுமையை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. அவர் சட்டத்தை எழுத்தில் தந்ததை மறந்துவிட்டது. எழுதாச் சட்டத்தை வல்லவர்கள் தம் விருப்பம்போல் வளைக்கலாம். எழுதிய சட்டம் கொடியதாயினும், அதன் கொடுமை வெளிப்படையாகத் தெரியும்; தெரிந்ததைத் திருத்தவும் கூடும். சோலன் செய்தது அதுவே. ஆகவே மாணவர்களே, அச்சொல்லை அதன் வழக்குப் பொருளிலேயே ஆளுங்கள். ஆனால், ஒரு சொல் சுமந்து வரும் தீர்ப்பை மட்டும் நம்பி எவரையும் முழுதும் அறிந்ததாக எண்ணாதீர்கள்.