சன்லைட்: பெயர் முந்தி, சோப்பு பிந்தி

ஒரு காலத்தில் சோப்புக்குப் பெயர் கிடையாது. இங்கிலாந்து மளிகைக் கடைகளில் அது நீள நீளக் கட்டையாக வந்து இறங்கும். கேட்பவருக்குக் கேட்ட அளவு அறுத்து, தராசில் போட்டு, காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்கள். நம் ஊரில் வெல்லம் வாங்குகிற மாதிரிதான். யார் காய்ச்சியது, எதைப் போட்டுக் காய்ச்சியது என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் முகத்தை நம்பி வாங்கிப் போவார்கள்.

லங்காஷயரின் போல்ட்டன் நகரில் ஜேம்ஸ் லெவர் மொத்த மளிகை வியாபாரம் செய்துவந்தார். 1851-இல் பிறந்த அவருடைய மகன் வில்லியம், பதினாறு வயதில் கடைக்கு வேலைக்கு வந்தான். சர்க்கரைக் கட்டியை உடைக்க வேண்டும், சோப்புக் கட்டையை அறுத்துச் சுற்றிவைக்க வேண்டும். முதலாளி மகன் என்ற சலுகை எதுவும் இல்லை. அறுத்து அறுத்துச் சலித்த அந்தக் கையிலிருந்துதான் பின்னாளில் அளவாக வெட்டி, உறைபோட்டு, பெயரிட்ட சோப்பு வெளியே வந்தது என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

முப்பது வயதைத் தாண்டியதும் அவர் சோப்பில் முழுதாக இறங்க முடிவுசெய்தார். ஏற்கெனவே ‘லெவரின் சுத்தத் தேன்’ என்று ஒரு சோப்பை விற்றுப் பார்த்திருந்தார். தேன் என்பது பொதுச் சொல். பக்கத்துக் கடைக்காரரும் தேன் சோப்பு என்று எழுதிவைத்தால் தடுக்க முடியாது. இங்கிலாந்தில் வணிகச் சின்னங்களைப் பதியும் சட்டம் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. 1875-இல் சட்டம், 1876 ஜனவரி முதல் தேதி பதிவேடு. முதல் பதிவு பாஸ் பீர் கம்பெனியின் சிவப்பு முக்கோணம். சோப்புக்கும் அப்படி ஒன்றைப் பிடிக்க வேண்டும் என்று லெவர் லிவர்பூலில் டபிள்யூ. பி. தாம்சன் என்ற காப்புரிமை முகவரைப் போய்ப் பார்த்தார். தாம்சன் ஒரு தாளில் சில பெயர்களை எழுதிக் கொடுத்தார். அதில் ஒன்று ‘சன்லைட்’.

லெவருக்கு அந்தப் பட்டியலில் எதுவும் பிடிக்கவில்லை. தாளைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். சில நாள் கழித்துத்தான் பொறி தட்டியது. வேறு யாராவது முந்திக்கொள்ளப் போகிறார்களே என்று பதறிப்போய் ஓடினார். 1884-இல் பெயர் அவருடையதாயிற்று. ஆலைப் புகை கவிந்த லங்காஷயரில், துணியை உலர்த்த வெயில் வராதா என்று பெண்கள் வானத்தைப் பார்க்கிற ஊரில், சோப்புக்கு வெயில் என்று பெயர்.

பெயர் கிடைத்தது, சோப்பு இல்லை. சோப்பு காய்ச்சுகிற மற்றவர்களிடம் வாங்கித் தன் முத்திரையைப் போட்டு விற்றார். இந்த இடத்தில்தான் ஒரு விஷயம் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பெயரில்லாத சோப்பு ஒரு வாரம் நன்றாக இருக்கும், மறு வாரம் மோசமாக இருக்கும்; யாரையும் குறைசொல்ல முடியாது. பெயர் வைத்தபின் ஒரு கட்டி கெட்டால் எல்லாக் கட்டிக்கும் பழி. ஆரம்ப சன்லைட்டில் எண்ணெய் வியர்த்து, சிக்கு வாடை அடிக்கிறது என்று வாடிக்கையாளர்கள் புகார் சொன்னார்கள். ஆகவே 1885-இல் வாரிங்டனில் ஒரு சின்ன சோப்பு ஆலையை எடுத்து, சொந்தமாகக் காய்ச்சத் தொடங்கினார். வில்லியம் ஹாஃப் வாட்சன் என்ற வேதியியலாளர் கைகொடுத்தார். விலங்குக் கொழுப்பைக் குறைத்து, பனைவிதை எண்ணெய் அல்லது கொப்பரை எண்ணெயைக் கூட்டி, பருத்திவிதை எண்ணெயும் கொஞ்சம் குங்கிலியமும் சேர்த்த கலவை நிலைபெற்றது. தேங்காயெண்ணெய் சோப்பு எப்படி நுரைக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1888 வாக்கில் வாரத்துக்கு 450 டன் வெளியே போனது.

உறையில் ஒரு சவாலும் அச்சிட்டார். இந்தச் சோப்பில் கலப்படமோ கெடுதல் செய்யும் ரசாயனமோ இருப்பதாக நிரூபிப்பவருக்கு 1,000 பவுண்டு. பொருள் பிடிக்கவில்லையென்றால் கடைக்காரர் காசைத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற அனுமதியும் உண்டு. ஒரு கட்டியை மூன்று பென்னிக்கு விற்கிறவர் ஆயிரம் பவுண்டைப் பணயம் வைக்கிறார் என்றால், ஒன்று அவர் பைத்தியம், அல்லது சரக்கு சுத்தம். ஜனங்கள் இரண்டாவதை நம்பினார்கள்.

விளம்பரத்தில் இந்த நேர்மையை அவர் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார் என்று சொல்ல மாட்டேன். பெண் ஏன் ஆணைவிடச் சீக்கிரம் கிழடு தட்டிப்போகிறாள் என்று கேட்கிற ஒரு வாசகத்தை, ஃபிலடெல்ஃபியாவின் ஒரு சோப்பு வியாபாரியிடமிருந்து விலைகொடுத்து வாங்கி, ஊர் முழுக்க ஒட்டினார். துவைக்கிற கல்லில் முதுகு ஒடிகிறவளிடம் அவள் முதுமையைக் காட்டிச் சோப்பு விற்பது சுத்தமான வேலையா? இன்றைய முகப்பூச்சு விளம்பரங்களுக்கு அதுதான் பாட்டி. வில்லியம் ஃப்ரித் என்ற புகழ்பெற்ற ஓவியர், புது உடுப்பைக் காட்டி நிற்கும் ஒரு சிறுமியை வரைந்திருந்தார். 1889-இல் லெவர் அந்தப் படத்தை வாங்கி, சோப்பு விளம்பரமாக்கிவிட்டார். ஃப்ரித் பொருமினார். வாங்கியவர் தன் காசுக்குத் தகுந்தபடி நடந்துகொண்டார், அவ்வளவுதான்.

வாரிங்டனில் இடம் பற்றவில்லை. மெர்ஸி ஆற்றுக்கு அக்கரையில், விர்ரல் பகுதியில் 56 ஏக்கர் சதுப்பு நிலத்தை வாங்கினார். 1888 மார்ச்சில் அவர் மனைவி எலிசபெத் முதல் மண்ணை வெட்டினார். ஆலையோடு ஒரு ஊரும் எழுந்தது. ஊருக்குச் சோப்பின் பெயரையே வைத்தார்: போர்ட் சன்லைட். தொழிலாளிகளுக்கு வரிசை வீடு கட்டுவது என்றால் அந்தக் காலத்தில் ஒன்றோடொன்று முதுகு ஒட்டிய செங்கல் பொந்துகள். இங்கே ஏறக்குறைய முப்பது கட்டடக் கலைஞர்கள் ஆளுக்கொரு பாணியில் வீடு வரைந்தார்கள். 1914-க்குள் சுமார் 800 வீடு, 3,500 பேர். பள்ளிக்கூடம், மருத்துவமனை, நீச்சல் குளம், இசையரங்கு, தோட்டம்.

லாபத்தில் பங்கு தரலாமே என்று கேட்டவர்களுக்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. கையில் காசாகக் கொடுத்தால் அது விஸ்கியாகவும் மிட்டாயாகவும் கிறிஸ்துமஸ் வாத்தாகவும் தொண்டைக்குள் இறங்கிவிடும். என்னிடம் விட்டுவையுங்கள், நல்ல வீடாகவும் நல்ல வாழ்வாகவும் திருப்பித் தருகிறேன் என்ற பொருளில் சொன்னார். நம் வீட்டுப் பெரியப்பாக்கள் சிலர் இப்படித்தான் பேசுவார்கள். மனசு நல்ல மனசு, சாவி மட்டும் அவர்கள் இடுப்பில். பிறகு 1909-இல் பங்காளிச் சான்றிதழ் என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு லாபத்தில் ஒரு பகுதி கொடுத்தார். ஆனால் அதை விற்க முடியாது, அதை வைத்து ஓட்டுப் போட முடியாது. வேலையை விட்டால் சான்றிதழும் போயிற்று, வீடும் போயிற்று. இத்தனையும் கொடுத்த ஊரிலிருந்து யார் கிளம்புவார்கள்? கிளம்பினால் எங்கே போய்ப் படுப்பது?

சுயபுத்தி உள்ள மனிதன் போர்ட் சன்லைட் காற்றை அதிக நாள் சுவாசிக்க முடியாது என்று ஒரு தொழிற்சங்கச் செயலாளர் 1919-இல் அவருக்கே கடிதம் எழுதினார். அதே ஊரில் இன்னொரு சம்பவமும் உண்டு. லெவர் மதுவைத் தொடாதவர். ஊர் விடுதியான பிரிட்ஜ் இன்னில் மது கிடையாது. வேண்டும் என்று குரல் எழுந்ததும், 1903-இல் ஊர் மக்களிடமே ஓட்டுக்கு விட்டார். நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு இல்லாத நாளில் இந்த ஓட்டெடுப்பில் பெண்களும் கலந்துகொண்டார்கள். நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் மது வேண்டும் என்றது. வந்தது. முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாரா என்பது வேறு கதை, வார்த்தையை மீறவில்லை.

பெயருக்கு உண்மையான சோதனை 1906-இல் வந்தது. எண்ணெய் விலையும் கொழுப்பு விலையும் ஏறிவிட்டன. மூன்று பென்னி என்ற விலை வீட்டுப் பெண்கள் மனதில் பதிந்த விலை, ஏற்ற முடியாது. ஆகவே 16 அவுன்ஸ் கட்டி 15 அவுன்ஸாக இளைத்தது. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் விலை அப்படியே நிற்க கிராம் மட்டும் கரைவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. அதே சமயம், போட்டிக் கம்பெனிகளோடு சேர்ந்து ஒரு கூட்டணி அமைக்கவும் லெவர் முயன்றார். கூட்டணி வந்தால் ஒருவரோடொருவர் மோதிச் செய்யும் விளம்பரச் செலவு மிச்சம். விளம்பரம் குறைந்தால் அடிபடுவது யார்? பத்திரிகைகள்.

நார்த்கிளிஃப் பிரபுவின் ‘டெய்லி மெயில்’ களத்தில் இறங்கியது. இந்தக் கூட்டணிக்கு ‘சோப்பு டிரஸ்ட்’ என்று பெயர் சூட்டி, அது ஏழை வயிற்றில் அடிக்கிறது, எடையில் ஏமாற்றுகிறது என்று நாள்தோறும் எழுதியது. கேலிச் சித்திரம் போட்டது. சன்லைட் வாங்காதே என்று வேறு சோப்புகளின் பெயரைப் பட்டியல் போட்டது. லெவரின் விற்பனை பாதிக்கும் மேல் சரிந்தது. இருபது வருடம் கட்டிய பெயர் சில வாரங்களில் கரைந்துபோனது. சோப்பு என்னவோ பழைய சோப்புதான், வாளியில் அதே நுரைதான். கூட்டணி முயற்சியும் அந்த ஆண்டே கலைந்தது.

லெவர் அவதூறு வழக்குப் போட்டார். 1907 ஜூலையில் லிவர்பூலில் விசாரணை. அவருக்காக எட்வர்ட் கார்சன், பத்திரிகைக்காக ரூஃபஸ் ஐசக்ஸ். இரண்டு பேருமே அன்றைய இங்கிலாந்தின் முதல் வரிசை வக்கீல்கள். ஐசக்ஸ் பின்னாளில் ரீடிங் பிரபுவாக இந்தியாவுக்கு வைஸ்ராயாகவே வந்தார். கூண்டில் ஏறிய லெவர் மணிக்கணக்காகக் கேள்விகளுக்கு ஈடுகொடுத்தார். எதிர்த்தரப்பு பாதியிலேயே சமரசத்துக்கு வந்தது. ‘டெய்லி மெயில்’ 50,000 பவுண்டு தர வேண்டியதாயிற்று. மற்றப் பத்திரிகைகளையும் சேர்த்து 91,000 பவுண்டு. அந்தப் பணத்தை லிவர்பூல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். நகரமைப்பைக் கற்பிக்கும் துறை ஒன்று அதில் உருவாயிற்று. வழக்கில் ஜெயித்தவர் பக்கம் நியாயம் இருந்தது, சரி. ஆனாலும் அந்த ஒரு அவுன்ஸை எந்தத் தீர்ப்பும் திருப்பிக் கொடுக்கவில்லை என்று முணுமுணுத்த வீடுகள் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனிமேல் எண்ணெய்க்காகப் பிறர் கையை எதிர்பார்க்கக் கூடாது என்று லெவர் ஆப்பிரிக்காவைப் பார்த்தார். பிரிட்டனின் மேற்கு ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் அவர் கேட்டபடி நிலம் கிடைக்கவில்லை. 1911-இல் பெல்ஜிய அரசோடு ஒப்பந்தம். காங்கோவில் ஐந்து வட்டங்கள், மொத்தம் ஏழரை லட்சம் ஹெக்டேர் வரை எண்ணெய்ப்பனைக் காடுகளில் உரிமை. க்விலு ஆற்றங்கரையில் லுசாங்கா என்ற இடத்தில் ஆலை எழுந்தது. குறைந்தபட்சக் கூலி, பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தன. போர்ட் சன்லைட் மாதிரி இன்னொன்று என்று வெளியே சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

உயரமான மரத்தில் ஏறி முள்ளடர்ந்த குலையை வெட்டி இறக்க ஆள் வேண்டும். கிடைத்த கூலிக்கு யாரும் மனமுவந்து ஏறவில்லை. குடியேற்ற அரசு தலைவரியைப் போட்டது. வரி கட்டக் காசு வேண்டும், காசு வேண்டுமென்றால் குலை வெட்ட வேண்டும். கிராமத் தலைவர்களை நெருக்கி ஆள் பிடித்தார்கள். மறுத்தவர்களுக்குச் சிறை, சவுக்கு. பெல்ஜியத் தூதராக இருந்து ஓய்வுபெற்ற ஜூல் மார்ஷல் அரசு ஆவணங்களையே தோண்டி எடுத்து இதைப் புத்தகமாக எழுதினார். லெவர் 1925-இல் காலமானார். 1929-இல் அவர் கம்பெனி நெதர்லாந்தின் மார்ஜரின் கம்பெனியோடு இணைய முடிவுசெய்து யூனிலீவர் ஆயிற்று. காங்கோவில் வரியும் ஆள்பிடிப்பும் தொடர்ந்தன; 1931-இல் க்வாங்கோ பகுதியில் அவற்றை எதிர்த்துப் பெண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தபோது ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

உறையில் இருந்த ஆயிரம் பவுண்டுச் சவால் சோப்புக்குள் என்ன கலந்திருக்கிறது என்பதைப் பற்றித்தான்.

சன்லைட் 1888-லேயே கல்கத்தா துறைமுகத்தில் வந்து இறங்கிவிட்டது. இலங்கையில் சவர்க்காரம் வாங்கப் போகிறவர்களுக்கு மஞ்சள் சன்லைட் கட்டி இன்றும் பழகிய பொருள். போர்ட் சன்லைட்டில் வீடுகள் 1980-கள் வாக்கில் வெளியாருக்கும் விற்பனைக்கு வந்தன. இப்போது சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். லெவர் மனைவியின் நினைவாக 1922-இல் திறந்த ஓவியக்கூடத்தில் படம் பார்க்கிறார்கள்.

இங்கிலாந்தில் ஊருக்குச் சோப்பின் பெயரை வைத்தவர், காங்கோவில் லுசாங்காவுக்குத் தன் பெயரையே வைத்திருந்தார்: லெவர்வில். விடுதலைக்குப் பிறகு அங்குள்ளவர்கள் அதை மாற்றிவிட்டார்கள். இன்றைய வரைபடத்தில் அது மறுபடியும் லுசாங்கா.