அத்திரம்பாக்கம்: காலியானது என்று ஒதுக்கப்பட்ட களிமண்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில், பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது சுண்ணாம்புக்குளம். அங்கே நின்று பார்ப்பவருக்கு ஏரி தொன்றுதொட்டு இருப்பதாகவே தோன்றும். ஆனால் நிலவியல் கணக்கில் அது நேற்றுப் பிறந்த பிள்ளை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலக நீரின் பெரும்பங்கு பனியாக உறைந்திருந்தது. அப்போது கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்வாக இருந்தது. கடற்கரையும் கிழக்கே தள்ளி இருந்தது. கடல் ஏறி இன்றைய அளவை நெருங்கியது கடந்த ஆறேழாயிரம் ஆண்டுகளில்தான். ஏரி உருவானது அதன் பிறகே.

இதே மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே உள்ள அத்திரம்பாக்கத்தில் கிடைத்திருக்கும் மனிதக் கைவேலைப்பாடு, அந்த ஏரியைவிட ஏறக்குறைய இருநூறு மடங்கு பழையது. கோசஸ்தலையாற்றில் சேரும் சிற்றோடை ஒன்று அரித்த நிலம் அது. இந்த வயது உறுதியானது 2011-இல்தான். இடமோ அதற்கு 148 ஆண்டுகள் முன்பே அறிஞர்களுக்குத் தெரியும். வியப்பு அதில்தான் இருக்கிறது.

இந்திய நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் செதுக்கப்பட்ட கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அதை மனிதன் செய்த கருவி என்று அறிந்துகொள்ள அவரால் முடிந்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்புதான், பிரான்சின் சோம் ஆற்றங்கரையில் கிடைத்த கற்களை மிகப் பழைய மனிதரின் கருவிகள் என்று ஆங்கில அறிஞர்கள் ஏற்றுக்கொண்டிருந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஃபூட்டும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தை அடைந்தனர். அங்கே ஓடை அரிப்பில் கைக்கோடரிகள் வெளியே கிடந்தன.

அதன்பின் 1930களில் வி. டி. கிருஷ்ணசாமி, 1960களில் கே. டி. பானர்ஜி என ஆய்வுகள் தொடர்ந்தன. எல்லாரும் மேலிருந்த சரளை மண்ணிலேயே கருவிகளைத் தேடினார்கள். அடியில் இருந்த களிமண், டைனோசர் காலத்து ஆவடிக் களிப்பாறையின் பகுதி என்று கருதப்பட்டது. மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முந்திய மண்ணில் மனிதக் கருவியை யார் தேடுவார்? தவறு என்று சொன்னாலும், நியாயமான தவறுதான்.

1999-இல் சென்னை சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சாந்தி பப்பு அங்கே புதிதாக அகழத் தொடங்கினார். குமார் அகிலேஷும் இப்பணியில் ஈடுபட்டார். களிமண்ணுக்குள் இறங்கியபோது கருவிகள் தொடர்ந்து வந்தன. அந்த ஒரு படிவிலிருந்து மட்டும் 3,500-க்கும் மேற்பட்ட கற்பொருட்கள் எடுக்கப்பட்டன. டைனோசர் காலத்து மண் என்ற கருத்து அதோடு போயிற்று. அந்தக் களிமண்ணில் இயல்பாகப் பெருங்கற்கள் இல்லை. ஆகவே கருவிக்கான குவார்ட்சைட் கல்லை யாரோ வெளியிலிருந்து சுமந்து வந்திருக்கிறார்கள்.

வயதைக் கணித்த முறை தனிச் சுவையுடையது. தரைமேல் கிடக்கும் கல்லின் மீது விண்வெளியிலிருந்து அண்டக்கதிர்கள் ஓயாமல் விழுகின்றன. அவை கல்லின் படிகத்தில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் கதிரியக்க அணுக்களை உண்டாக்குகின்றன. கல் ஆழமாகப் புதைந்தால் கதிர்கள் எட்டாது. புதிய அணுக்கள் உண்டாவது ஏறத்தாழ நின்றுவிடும். ஏற்கெனவே உள்ளவற்றில் அலுமினியம்-26, பெரிலியம்-10-ஐப் போல இரு மடங்கு வேகத்தில் சிதையும். இரண்டின் விகிதத்தை அளந்தால் கல் எப்போது புதைந்தது என்று கூறலாம். ஆறு கருவிகளை இப்படி அளந்ததில் சராசரி 15.1 லட்சம் ஆண்டுகள் என்று வந்தது. பிழை எல்லை 70,000 ஆண்டுகள். மண்ணில் பதிந்திருந்த காந்தத் திசை இன்றைய திசைக்கு எதிராக இருந்ததும் பழமைக்குத் துணைச்சான்று ஆயிற்று. 2011 மார்ச்சில் ‘சயன்ஸ்’ இதழ் இதை வெளியிட்டது. அதுவரை இந்தியாவின் கைக்கோடரிப் பண்பாட்டுக்கு ஐந்தாறு லட்சம் ஆண்டுகளே பலரும் தந்த வயது.

2018 தொடக்கத்தில் ‘நேச்சர்’ இதழில் வந்த அடுத்த கட்டுரை மேல் படிவுகளைப் பற்றியது. கனமான கைக்கோடரிகள் குறைந்து, மூலக்கல்லை முன்கூட்டியே திட்டமிட்டுச் சீவி மெல்லிய சில்லுகள் எடுக்கும் லெவல்லுவா முறை அங்கே தலைகாட்டுகிறது. இந்த மாற்றம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்றது அக்கட்டுரை. மணல் துகள் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்று காட்டும் ஒளிர்வு முறையால் கணித்த காலம் அது. பிழை எல்லை 64,000 ஆண்டுகள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நம் இனத்தார்தான் சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் இந்தத் தொழில்நுட்பத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்பது அதுவரை செல்வாக்குடன் இருந்த கருத்து. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளாகக் கருதப்படும் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் எலும்புகளுக்கே ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுகள்தான்.

அப்படியானால் அத்திரம்பாக்கத்தில் கல் சீவியது யார்? முந்திய மனித இனம் ஒன்று இங்கேயே தானாகக் கண்டுபிடித்ததா, மிக முன்னதாகவே ஒரு கூட்டம் வெளியிலிருந்து வந்ததா? இரண்டையும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சில நாளேடுகள் எழுதியது போல ‘மனிதன் தமிழகத்தில் தோன்றினான்’ என்று இதிலிருந்து முடிவு கட்ட இடமில்லை. கருவி கிடைத்த இடம் வேறு, இனம் தோன்றிய இடம் வேறு. இனத்தைச் சொல்ல எலும்பு வேண்டும். இந்தியாவில் அந்தப் பழங்காலத்து மண்டையோடு என்று சொல்ல, மத்தியப் பிரதேசத்தின் ஹத்னோராவில் 1982-இல் அருண் சோனகியா கண்டெடுத்த ஒன்றுதான் உண்டு. அத்திரம்பாக்கத்துக் களிமண்ணிலிருந்து சில விலங்குப் பற்களும் குளம்புத் தடங்கள் எனக் கருதப்படும் பள்ளங்களும் கிடைத்துள்ளன. மனிதப் பல் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை.