பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை: செவிலியருக்குத் தனிப் பயிற்சி ஏன்?

புதுதில்லி: இந்தியாவில் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் 20 பேர் முதல் 28 நாள்களுக்குள் இறந்துவிடுவதாக 2020-ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவு முறை அறிக்கை தெரிவிக்கிறது. ஐந்து வயதை எட்டும் முன் இறப்போர், அதே அறிக்கையின்படி, 32 பேர். அதாவது, ஐந்து வயதுக்குள் நேரும் மரணங்களில் பத்தில் ஆறு பிறந்த முதல் மாதத்திலேயே நேர்ந்துவிடுகின்றன. 2020-இல் கேரளத்தில் 4 ஆக இருந்த பச்சிளம் குழந்தை இறப்பு விகிதம் மத்தியப் பிரதேசத்தில் 31 ஆக இருந்தது. இந்த விகிதத்தை 2030-க்குள் ஒற்றை இலக்கத்துக்குக் குறைப்பது, 2014-இல் வெளியிடப்பட்ட இந்தியப் பச்சிளம் குழந்தைச் செயல்திட்டத்தின் இலக்கு.

குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது ஏற்படும் மூச்சுத்திணறல், கிருமித்தொற்று ஆகியவையே இந்த இறப்புகளுக்கு முதன்மைக் காரணங்கள். சிகிச்சையை முடிவு செய்பவர் மருத்துவர். இரவு பகலாகக் குழந்தையின் அருகில் நின்று அதை நடத்துபவர் செவிலியர். பொதுச் செவிலியப் படிப்பில் குழந்தை நலம் ஒரு பாடமாக இருந்தாலும், ஒரு கிலோ எடையுள்ள குழந்தையைக் கையாளும் தேர்ச்சியை அது தருவதில்லை.

காரணம், பச்சிளம் குழந்தை சிறிய உருவம் கொண்ட பெரியவர் அல்ல. கடும் தொற்று ஏற்பட்டால் அதற்குக் காய்ச்சல் வராமலே போகலாம். உடல் குளிர்வதும் பால் குடிக்காமல் சோர்வதுமே அறிகுறிகளாக இருக்கலாம். குறைமாதக் குழந்தை திடீரென 20 விநாடிகள் மூச்சை நிறுத்திவிடும். அப்போது முதலில் செய்ய வேண்டியது, தலையைச் சரியான நிலையில் வைத்து உள்ளங்காலையோ முதுகையோ மெல்லத் தேய்த்துத் தூண்டுவது. அதற்கும் அசையாவிட்டால் அடுத்த சில விநாடிகளில் பை-முகமூடி மூலம் காற்று செலுத்த வேண்டும். மருத்துவரை அழைத்துவர அந்த அவகாசம் போதாது.

மருந்தளவு இன்னொரு சிக்கல். 2 மி.லி.யில் 80 மி.கி. ஜென்டாமைசின் உள்ள குப்பியிலிருந்து ஒரு குழந்தைக்கு 7.5 மி.கி. கொடுக்க வேண்டுமெனில், எடுக்க வேண்டிய அளவு ஏறத்தாழ 0.19 மி.லி. தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்தால் 1.9 மி.லி. ஆகிவிடும், கிட்டத்தட்ட முழுக் குப்பி. சிறுநீரகத்தையும் செவித்திறனையும் பாதிக்கக்கூடிய மருந்து அது. எனவேதான் இத்தகைய பிரிவுகளில் இரு செவிலியர் தனித்தனியே கணக்கிட்டுச் சரிபார்க்கும் வழக்கம் வற்புறுத்தப்படுகிறது. ரத்தப் பரிசோதனையிலும் இதே கவனம் தேவை. ஒரு கிலோ எடைக் குழந்தையின் உடலில் உள்ள மொத்த ரத்தமே 80 முதல் 90 மி.லி. வரைதான்.

உயிர் காக்கும் ஆக்சிஜனும் அளவு மீறினால் குறைமாதக் குழந்தையின் விழித்திரையைச் சேதப்படுத்திப் பார்வையைப் பறிக்கலாம். ஆக்சிஜன் பெறும் இக்குழந்தைகளின் ரத்த ஆக்சிஜன் செறிவை 90 முதல் 95 சதவீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும். பெரியவர்களின் வார்டில் 99 சதவீதம் நிம்மதி தரும் எண். இங்கோ அது ஆக்சிஜனைக் குறைக்கச் சொல்லும் எச்சரிக்கை.

சற்றே வளர்ந்த குழந்தைகளிடம் ஆபத்து வேறு வடிவில் வருகிறது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இதயக் கோளாறால் இதயத்துடிப்பு நிற்கிறது. குழந்தைகளுக்கோ மூச்சுச் செயலிழப்பு அல்லது அதிர்ச்சி நிலை முற்றிய பிறகே நிற்கிறது. ரத்த அழுத்தம் கடைசிக் கட்டத்தில்தான் விழும். வேகமான மூச்சு, குளிர்ந்த கை கால்கள் ஆகியவற்றை முன்கூட்டியே கவனிக்கும் செவிலியரால் அந்தக் கட்டத்தைத் தவிர்க்க முடியும்.

பயிற்சியின் படிநிலைகள்

மாவட்ட அளவில் இத்தகைய சிகிச்சைக்கு வழிகாட்டியது மேற்கு வங்கத்தின் புருலியா. அங்கு 2003-இல் தொடங்கப்பட்ட பிரிவில், உள்ளூர் இளம்பெண்களுக்கும் பயிற்சி அளித்து உதவியாளர்களாகப் பயன்படுத்தினர். அதன் வழியில் உருவான சிறப்புப் பச்சிளம் குழந்தைப் பராமரிப்புப் பிரிவுகள் இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ ஆயிரம் உள்ளன.

பிரசவ அறைப் பணியாளர்களுக்கு 2009 முதல் நவஜாத் சிசு சுரக்‌ஷா திட்டத்தின் கீழ் இரண்டு நாள் அடிப்படைப் பயிற்சி தரப்படுகிறது. சிறப்புப் பிரிவுச் செவிலியருக்கு நான்கு நாள் வகுப்பும், உயர் சிகிச்சை மையம் ஒன்றில் இரண்டு வார நேரடிப் பயிற்சியும் உண்டு. வகுப்பைவிட அந்த இரண்டு வாரங்களே பயனுள்ளவை எனலாம். வென்டிலேட்டர் எழுப்பும் ஓசைகளில் எது அவசரம் என்பதைப் படுக்கையருகில்தான் கற்க முடியும்.

இவ்வாறு கற்றவர்களைத் தக்கவைப்பதில்தான் நடைமுறை சறுக்குகிறது. பல அரசு மருத்துவமனைகளில் செவிலியர் சுழற்சி முறையில் வார்டு விட்டு வார்டு மாற்றப்படுகின்றனர். பயிற்சி முடித்தவர் சில மாதங்களில் எலும்பு முறிவுப் பிரிவுக்குச் செல்ல, அவரிடத்துக்குப் புதியவர் வருகிறார். சுழற்சி எல்லோருக்கும் சமமானது என்ற நிர்வாக வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதன் விலையைக் கொடுப்பது குழந்தை. எண்ணிக்கைப் பற்றாக்குறை இதை மேலும் கடுமையாக்குகிறது. சிறப்புப் பிரிவில் ஒவ்வொரு ஷிப்டிலும் மூன்று அல்லது நான்கு குழந்தைகளுக்கு ஒருவரும், வென்டிலேட்டரில் உள்ள குழந்தைக்குத் தனியே ஒருவரும் இருக்க வேண்டும் என்பதே நெறி.

பயிற்சியின் மற்றொரு பகுதி, தாயைப் பராமரிப்பில் பங்கேற்கச் செய்வது. குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பை, உடல்நிலை சீராகும் வரை காத்திராமல் பிறந்தவுடன் தொடங்கினால் எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு 25 சதவீதம் குறைவதாக 2021-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் பங்கேற்றது. தாய்க்கு இதைக் கற்பித்து உடனிருப்பதும் செவிலியரின் பணியே.

முழுமையான தேர்ச்சி பெற விரும்புவோருக்கு, இந்திய செவிலியர் கவுன்சிலின் பாடத்திட்டப்படி பச்சிளம் குழந்தைச் செவிலியத்தில் ஓராண்டுப் பட்டயப் படிப்பு உள்ளது. மாநிலக் கவுன்சிலில் பதிவு பெற்று, பணி அனுபவமும் உள்ள செவிலியர் இதில் சேரலாம். மேற்படிப்பாக, குழந்தை நலச் செவிலியத்தில் இரண்டாண்டு எம்.எஸ்சி. பட்டமும் வழங்கப்படுகிறது.