கால், அரை, முக்கால்: ஒரு சைக்கிள் கணக்கு

ஐம்பது வயசு தாண்டின வடசென்னைக்காரர் யார்கிட்டயாவது "முதல்ல என்ன சைக்கிள் ஓட்டினீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. ஹெர்குலிஸ், ராலே, ஹீரோன்னு கம்பெனி பேர் வராது. "அரை சைக்கிள்"னுதான் பதில் வரும். கொஞ்சம் யோசிச்சு, "அப்புறம் முக்கா சைக்கிள், அப்புறம் பெருசு"ம்பாங்க.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்னு தெருவுக்குத் தெரு வாடகை சைக்கிள் கடை இருந்த காலத்து அளவு முறை அது. இன்ச் கிடையாது, சென்டிமீட்டர் கிடையாது. கால், அரை, முக்கால், முழுசு. காய்கறிக்கடை எடைக்கல்லு மாதிரி. கால் சைக்கிள்ங்கிற பேர்ல வர்ற 'கால்' மிதிக்கிற காலா, நாலுல ஒண்ணான்னு கேட்டா ரெண்டுமே சரிதான் :-)

மேலோட்டமா பார்த்தா விளையாட்டுப் பேரு. ஆனா இதுக்குள்ள ஒரு முடிவு ஒளிஞ்சிருக்கு பாருங்க. வளர்ந்த ஆம்பள ஓட்டுறதுதான் முழு சைக்கிள். மத்தவங்க எல்லாம் அதுல ஒரு பின்னம். வளர்ற புள்ளைக்கு எந்த அளவு சைக்கிள் வாங்கணும்னு இன்னிக்கு நாம மண்டைய உடைச்சுக்கிறோம். நம்ம ஊர் வரலாறுல ரொம்ப நாள் அந்தக் கேள்வியே இல்ல. சைக்கிள் ஒரே அளவு, புள்ளதான் அதுக்கு ஏத்த மாதிரி வளரணும்.

கொஞ்சம் பெரிய கொசுவத்தியா சுத்திக்கிறேன். 1870கள்ல இங்கிலாந்துல ஓடின உயர்சக்கர சைக்கிள் படம் பார்த்திருப்பீங்க. முன்னாடி ராட்சச சக்கரம், பின்னாடி குட்டிச் சக்கரம். அதுல பெடல் நேரா முன் சக்கரத்தோட அச்சுலயே இருக்கும். ஒரு மிதிக்கு சக்கரம் ஒரு சுத்து. வேகமா போகணும்னா பெரிய சக்கரம் வேணும், ஆனா கால் எட்டணும். அதனால சக்கரத்தோட விட்டத்தை ஓட்டுறவரோட கால் நீளத்தை வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. நெட்டையனுக்கு ஒரு சக்கரம், குட்டையனுக்கு ஒரு சக்கரம். சட்டை தைக்கிற மாதிரி அளவெடுத்து வாங்கின வண்டி அது.

1885ல கோவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்தார். ரெண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின் சக்கரத்தைச் செயின் சுத்தும். செயின் வந்ததும் கால் நீளத்துக்கும் சக்கரத்துக்கும் இருந்த உறவு அறுந்துபோச்சு. வேகத்தைப் பல்சக்கரம் பார்த்துக்கும். சக்கரத்தை ஒரே அளவுல நிலைநிறுத்தி லட்சக்கணக்குல அடிச்சுத் தள்ளலாம். சைக்கிள் ஏழை வீட்டு வாசலுக்கு வந்ததுக்கு அது ஒரு முக்கிய காரணம். 1888ல காத்தடிச்ச டயரை டன்லப் கண்டுபிடிச்சது தன்னோட பையனின் மூணு சக்கர வண்டிக்காகத்தான். ஆனா அந்த டயர்ல ஊரெல்லாம் ஓடினது பெரியவங்க வண்டி.

இந்த வண்டி நம்ம ஊருக்குக் கப்பல்ல வந்துச்சு, மெட்ராஸ் துறைமுகம் வழியா. அப்புறம் 1949ல முருகப்பா குடும்பமும் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து கம்பெனி ஆரம்பிச்சு, அம்பத்தூர்ல ஹெர்குலிஸ் சைக்கிள் செய்ய ஆரம்பிச்சாங்க. அது மேற்கால. நம்ம வடக்குப் பக்கத்துக்கும் இதுல பங்கு உண்டு. திருவொற்றியூர்ல அஜாக்ஸ்னு பஸ் நிறுத்தம் இருக்கே, அது அதே முருகப்பா குழுமத்து உப்புத்தாள் கம்பெனியோட பேர். பங்க்சர் ஒட்டுறவர் சொல்யூஷன் தடவுறதுக்கு முன்னாடி டியூபைத் தேய்க்கிறாரே, அந்த உப்புத்தாள். 1955ல என்ஃபீல்ட் இந்தியா ஆரம்பிச்சதும் திருவொற்றியூரைத்தான் பிடிச்சாங்க. புல்லட்டுக்குத் தாய்வீடான இங்கிலாந்துக் கம்பெனியோட பேரே 'என்ஃபீல்ட் சைக்கிள் கம்பெனி'தான். ஆரம்பத்துல சைக்கிள் செஞ்சு பிழைச்சவங்க. 1946ல இதே ஊர்ல ஒரு கொட்டகையில குழந்தைங்க விளையாடுற பலூன் செய்ய ஆரம்பிச்சதுதான் எம்.ஆர்.எஃப். பின்னாடி டயருக்குப் போயிட்டாங்க.

இப்படி இரும்பும் ரப்பரும் உப்புத்தாளும் செஞ்ச ஊர்லதான் புள்ளைங்க அளவுக்கு சைக்கிள் கிடைக்கல. அம்பத்தூரோ, லூதியானாவோ, எங்க செஞ்சாலும் அந்தக் காலத்துல முக்கியச் சரக்கு ஒண்ணுதான்: 28 இன்ச் சக்கரம், 22 அல்லது 24 இன்ச் ஃப்ரேம், குறுக்கே பார் வெச்ச கறுப்பு வண்டி. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், மீன் கூடை, பொண்டாட்டி புள்ளன்னு எதை ஏத்தினாலும் தாங்கும்.

பொட்டி தட்டுறவன் புத்தி, ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். அந்தக் கறுப்பு வண்டியோட பார் தரையிலிருந்து 80 சென்டிமீட்டருக்கு மேல நிக்கும். 10 வயசுப் புள்ளைக்கு இடுப்புச் சந்துலேர்ந்து பாதம் வரைக்கும் உள்கால் அளவு தோராயமா 60லேர்ந்து 65 சென்டிமீட்டர். நடுவுல 15, 20 சென்டிமீட்டர் இடிக்குது. சீட்ல உக்காந்தா பெடல் எட்டாது. பாருக்கு ரெண்டு பக்கமும் கால் போட்டு நிக்கவும் முடியாது.

இந்த இடைவெளிக்கு நம்ம புள்ளைங்க கண்டுபிடிச்ச விடைதான் குரங்கு பெடல். பாருக்குக் கீழ இருக்கிற முக்கோணத்துக்குள்ள வலது காலை விட்டு அந்தப் பக்கத்துப் பெடலை மிதிக்கணும். இடது கை ஹேண்டில்பார்ல, வலது கை பாரையோ சீட்டையோ கட்டிப்பிடிச்சிருக்கும். உடம்பு ஒரு பக்கம், வண்டி எதிர்ப்பக்கம் சாஞ்சு பேலன்ஸ் ஆகும். முழுச் சுத்து வராது, அரைச் சுத்து மிதிச்சுப் பின்னாடி இழுத்து மறுபடி மிதிக்கணும். வடக்கே இதையே இந்தியில கத்தரிக்கோல்ங்கிற அர்த்தத்துல 'கைஞ்சி'ம்பாங்க. ராசி அழகப்பனோட 'சைக்கிள்' சிறுகதையை வெச்சு, கமலக்கண்ணன் இயக்கத்துல 2024ல 'குரங்கு பெடல்'னு படமே வந்துச்சு.

இதுக்குன்னு ஒரு படிவரிசையே இருந்தது. முதல்ல பார்ல துண்டைச் சுத்தி உக்காந்துபோற குழந்தை. அப்புறம் கேரியர். அப்புறம் வண்டியை உருட்டிக்கிட்டுப் போறது. அப்புறம் இடது பெடல்ல ஒரு காலை வெச்சுத் தத்தித் தத்தி ஓடுறது. அப்புறம் குரங்கு பெடல். அப்புறம் பார் மேல இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டி மிதிக்கிறது. கடைசியா சீட். சீட்ல உக்காந்து மிதிச்ச அன்னிக்குப் பையன் பெரிய மனுஷன். புள்ளையை வெச்சு சைக்கிளை அளக்கல, சைக்கிளை வெச்சுப் புள்ளையை அளந்தாங்க.

அந்த சைக்கிளும் சும்மா கிடைக்காது. அது அப்பாவோட பிழைப்புக் கருவி. எண்ணூர் அசோக் லேலண்ட், திருவொற்றியூர் கம்பெனிகள், துறைமுகம், பெரம்பூர் பின்னி மில்னு ஷிப்ட்டுக்குப் போற வண்டி. அப்பா நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்குற பகல்லதான் பையனுக்கு வாய்ப்பு. ஹேண்டில்பார் கோணிச்சுன்னா உதை நிச்சயம். பொண்ணுங்களுக்கு அந்த வாய்ப்பும் குறைவு. பாவாடை கட்டிக்கிட்டு முக்கோணத்துக்குள்ள காலை விட்டு குரங்கு பெடல் போடுறது லேசுப்பட்ட காரியம் இல்ல. பாரோட உயரம் இடுப்பை மட்டும் தடுக்கல, பாதி ஜனத்தொகையையே தடுத்துச்சு.

அதை உடைச்ச பெரிய சம்பவம் நடந்தது வடசென்னையில இல்ல, புதுக்கோட்டையில. 1990களோட ஆரம்பத்துல, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்போ, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோட சேர்த்து சைக்கிளையும் பெண்கள் கையில கொடுத்துச்சு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கத்துக்கிட்டாங்கன்னு பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கார். அவர் சொல்றதுல எனக்குப் பிடிச்ச விஷயம் இது: லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தப்போ ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்து ஓட்டினாங்க. சில பெண்களுக்கு அதுதான் வசதின்னும் பட்டிருக்கு. ஏன்னா பார் மேல குழந்தையை உக்கார வெக்கலாம்! எது சரியான சைக்கிள்ங்கிறது இன்ச்ல மட்டும் இல்ல, அதை வெச்சு என்ன வேலை ஆகணும்ங்கிறதுலயும் இருக்கு.

1980கள்ல பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். மாதிரி இலகுவான வண்டிகள் வந்து, பின்னாடியே கலர் கலரா புள்ளைங்க வண்டி வந்தது. 12, 14, 16, 20, 24 இன்ச்னு வரிசை கட்டி நின்னுச்சு. இங்கதான் ஒரு வேடிக்கை. பெரியவங்க வண்டிய ஃப்ரேம் அளவுல சொல்லிட்டு, புள்ளைங்க வண்டிய மட்டும் மறுபடி சக்கர அளவுல சொல்ல ஆரம்பிச்சாங்க. உயர்சக்கர சைக்கிள் காலத்துல சக்கரம் காலைப் பொறுத்துச்சு, அதனால அந்த எண்ணுக்கு அர்த்தம் இருந்தது. இப்ப சக்கரத்துக்கும் காலுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. ஒரே 20 இன்ச்ல ரெண்டு கம்பெனி வண்டியை எடுத்தா பார் உயரமும் சீட் உயரமும் வேற வேறயா இருக்கும். கடைக்காரர் "எட்டு வயசா? இருபது எடுத்துக்கங்க"ன்னு சொல்றது ஒரு குத்துமதிப்பு, அவ்வளவுதான்.

எங்க அக்கா பொண்ணுக்கு வாங்கப் போனப்போ வீட்ல பெரிய விவாதம். அம்மா கட்சி "வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசாவே எடுத்துடு". ஸ்கூல் யூனிஃபார்ம் மடிச்சுத் தைக்கிற அதே தத்துவம். யூனிஃபார்ம் தொளதொளன்னு இருந்தா பசங்க கிண்டல் பண்ணுவாங்க, அதோட போச்சு. சைக்கிள் பெருசா இருந்தா அவசரத்துக்குக் கால் தரைக்கு வராது, விரல் பிரேக்குக்கு எட்டாது. எண்ணூர் நெடுஞ்சாலைலயும் டி.எச். ரோடுலயும் கன்டெய்னர் லாரி வரிசை பார்த்தவங்களுக்கு இது புரியும். 40 அடி ட்ரெய்லர் திரும்புறப்போ ஓரமா கால் ஊனி நிக்கத் தெரியணும். ஊனக் கால் எட்டணும். அந்த இடத்துல தத்துவம் பேச முடியாது.

அம்மா சொன்ன வளர்ச்சியையும் கணக்குல எடுத்துப் பார்த்தேன். அஞ்சு வயசுக்கு மேல வயசுக்கு வர்ற வரைக்கும் புள்ளைங்க வருஷத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் வளரும். அதுல ஏறக்குறைய பாதி காலுக்குன்னு வெச்சுக்கிட்டா வருஷத்துக்கு 3 சென்டிமீட்டர். சீட் போஸ்ட்ல மேல தூக்க 9 சென்டிமீட்டர் இடம் இருந்தா மூணு வருஷம் ஓட்டலாம். ஆக, வளர்றதுக்கான இடத்தைச் சக்கரத்துல தேடக் கூடாது, சீட் போஸ்ட்ல தேடணும். போஸ்ட்ல போட்டிருக்கிற கோட்டைத் தாண்டி மேல தூக்கவும் கூடாது, ஒடிஞ்சிடும்.

அளக்கிறதும் சுலபம். செருப்பைக் கழட்டிட்டு சுவத்துல முதுகு ஒட்டி நிக்க வெச்சு, கால் நடுவுல ஒரு தடி புஸ்தகத்தை மேல இடிக்கிற வரைக்கும் தள்ளி, அதோட மேல்விளிம்புலேர்ந்து தரை வரைக்கும் டேப் பிடிச்சா உள்கால் அளவு வந்துடும். வண்டி மேல கால் போட்டு நிக்கும்போது பார் அதைவிட ரெண்டு மூணு சென்டிமீட்டராவது கீழ இருக்கணும். கத்துக்கிற புள்ளைக்கு சீட்ல உக்காந்தா ரெண்டு பாதமும் தரையில முழுசா படியணும். ஓட்டத் தெரிஞ்ச பிறகு சீட்டைத் தூக்கி, பெடல் அடியில இருக்கிறப்போ முட்டி லேசா மடங்குற அளவுக்கு வெக்கலாம். பிரேக் பிடிக்கச் சொல்லிப் பாருங்க. அது எட்டலன்னா மத்த எதுவும் சரியா இருந்து புண்ணியமில்ல.

கடைசியா ஒரு விஷயம். தமிழ்நாட்டுல அரசு இலவச சைக்கிள் திட்டம் 2001-02ல ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, 2005-06ல அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகள்ல படிக்கிற எல்லா மேல்நிலை மாணவர்களுக்கும் விரிஞ்சது. கொடுக்கிறது 11ஆம் வகுப்புல. அந்த வயசுக்குப் பெரும்பாலும் வளர்ந்து முடிச்சிருப்பாங்க, அளவுப் பிரச்சினை வராது. பீகார்ல 2006ல 9ஆம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணமா கொடுத்தாங்க. அதனால அந்த வயசுக்குரிய மாணவிகள் உயர்நிலைப் பள்ளியில சேர்றது 32 சதவீதம் கூடிச்சுன்னு கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017ல வெளியிட்ட ஆய்வு சொல்லுது. தூரம் குறைஞ்சா படிப்பு நீளுது. ஆனா ஆறாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும், அதாவது உடம்பு தாறுமாறா வளர்ற வயசுல, அளவான சைக்கிளுக்கு நம்ம ஊர்ல வீடுதான் பொறுப்பு.

அதனாலதான் அந்த வாடகைக் கடை மேல எனக்கு மரியாதை கூடிப்போச்சு. எட்டணாவுக்கு ஒரு மணி நேரம் அரை சைக்கிள் எடுத்தவன், வளர்ந்ததும் முக்காலுக்கு மாறிக்குவான். அவன் விட்ட அரை சைக்கிளை அடுத்த வீட்டுத் தம்பி எடுப்பான். எந்த வீடும் மூணு சைக்கிள் வாங்க வேணாம், எந்தப் புள்ளையும் தனக்குப் பொருந்தாத வண்டியைக் கட்டிக்கிட்டு அழ வேணாம். கடை வெச்சிருந்தவர் எந்தக் காலேஜ்லயும் படிச்சிருக்க மாட்டார். ஆனா இன்னிக்கு ஒவ்வொரு வீடும் தனித்தனியா முட்டி மோதுற பிரச்சினையைத் தெருவுக்கே பொதுவா தீர்த்து வெச்சிருந்தார். இப்ப எங்க அபார்ட்மென்ட் படிக்கட்டுக்குக் கீழ காத்து இறங்கின 16 இன்ச் வண்டி நாலு கிடக்கு. மாடியில அஞ்சு வயசுப் புள்ளைங்க மூணு பேர் இருக்காங்க. இந்த ஞாயித்துக்கிழமை அந்த நாலு வீட்டுக் கதவையும் தட்டிப் பார்க்கிறதா இருக்கேன்.

உங்க ஊர்ல குரங்கு பெடலுக்கு என்ன பேரு? கால், அரை, முக்கால் கணக்கு அங்கயும் உண்டா? தெரிஞ்சவங்க சொல்லிட்டுப் போங்க மக்களே.