கற்றல் விலகல்

கற்றல் விலகல் என்பது படிப்பில் பின்தங்கிய உயர்நிலைப்பள்ளி மாணவர், வகுப்பில் அமர்ந்திருந்தும் பாடத்தில் இருந்து மனத்தளவில் விலகிவிடும் நிலையைக் குறிக்கும். இது இடைநிற்றலில் இருந்து வேறுபட்டது. எனினும் பல வேளைகளில் அதற்கு முன்னோடியாக அமைகின்றது. பொதுவாக இது சோம்பல் எனத் தவறாகக் கொள்ளப்படுகின்றது.

காரணங்கள்

அடிப்படைத் திறன் குறைபாடே முதன்மைக் காரணம் ஆகும். வகுத்தல் அறியாத மாணவர் ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதத்தை எதிர்கொள்ள நேர்கின்றது. புரியாததைக் கேட்டால் கேலிக்கு உள்ளாக நேரும் என்பதால் அமைதி காப்பதே அவருக்குப் பாதுகாப்பாகின்றது. 26 மாநிலங்களின் 28 ஊரக மாவட்டங்களில் நடத்தப்பட்ட 2023 ஆம் ஆண்டின் அசர் ஆய்வில், 14 முதல் 18 வயதினருள் ஏறத்தாழ 25 விழுக்காட்டினரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தம் வட்டார மொழியில் சரளமாக வாசிக்க இயலவில்லை.

மொழியும் ஒரு காரணம் ஆகலாம். 1960 இல் ஆந்திரத்தில் இருந்து சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்ட திருத்தணிப் பகுதியில் வீட்டில் தெலுங்கு பேசுவோரும் வாழ்கின்றனர். வீட்டு மொழியும் பாடமொழியும் வேறுபடும் இடத்தில், மொழித் தடையை அறிவுக்குறைவாக ஆசிரியர் எண்ணிவிடக்கூடும்.

தீர்வு முயற்சிகள்

தமிழ்நாடு அரசு 2025 இல் 6 முதல் 9 ஆம் வகுப்பு வரையிலான அரசுப்பள்ளி மாணவருக்காகத் திறன் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இதில் மாணவரின் நிலை மதிப்பிடப்பட்டுத் தமிழ், ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றில் சிறப்புப் பயிற்சி அளிக்கப்படுகின்றது.