தரவு வார்ப்புருவின் வரலாறு

தரவு வேறு, அதன் திரைத் தோற்றம் வேறு என்ற பிரிப்பு 1979-இல் செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் உருப்பெற்றது. நார்வே நாட்டுக் கணினி அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக் அதை ஸ்மால்டாக் சூழலுக்காக வகுத்தார். எனினும் எத்தரவுக்கு எத்தோற்றம் என்பதைப் பெரும்பாலும் நிரலரே எழுத வேண்டியிருந்தது. பட்டியலில் புதுவகை சேருந்தோறும் நிபந்தனை வரிகள் நீண்டன.

2006-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட டபிள்யூபிஎஃப் இப்பொறுப்பைத் தானே ஏற்றது. வார்ப்புருவில் தரவு வகையைக் குறித்துவிட்டால், அவ்வகைப் பொருள் வருமிடத்தில் அத்தோற்றம் தானாகப் பொருந்தும். வார்ப்புரு இல்லையெனில் திரையில் பெரும்பாலும் வகுப்பின் பெயரே வெறும் எழுத்தாகத் தெரியும். புதியவர்கள் திகைப்பது இங்கேதான். இன்டர்ஃபேஸ் வகைகளுக்கு இத்தானியங்கிப் பொருத்தம் செல்லாது. அவற்றுக்கு வார்ப்புருவைத் தெரிவுசெய்யும் நிரலைத் தனியே எழுதவேண்டும். பழைய நிபந்தனை வரிகள் அங்கே மீண்டும் தலைகாட்டும்.