சங்கிலியும் சம்மதமும்

ஏர்வாடி என்ற பெயரை நான் முதலில் கேட்டது பெரியவர்களின் பேச்சிலேதான். குடும்பத்தில் ஒருவருக்குப் புத்தி பேதலித்துவிட்டால், "அங்கொடையில் சேர்ப்பதா, ஏர்வாடிக்குக் கொண்டுபோவதா?" என்று உறவினர் கூடிப் பேசுவர். யாரைப் பற்றிப் பேசினார்களோ அவர் திண்ணை மூலையில் குந்தியிருப்பார். அவரிடம் மட்டும் எவரும் கேட்டதில்லை.

2001 ஆகஸ்ட் 6 ஆம் திகதி அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், ஸெய்யித் இப்றாஹீம் ஷஹீத் வலியுல்லாஹ்வின் தர்ஹாவை அண்டி நடத்தப்பட்ட தனியார் காப்பகமொன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அன்று எல்லோரும் மூடநம்பிக்கையைப் பழித்தார்கள், நானும் பழித்தேன். பிற்பாடு இந்தியாவின் மனநலச் சட்டங்களைப் படித்தபோதுதான் வேறொன்று புரிந்தது. நோயாளியைக் கேட்காதிருந்தது காப்பகக்காரன் மட்டுமல்ல, சட்டமுந்தான்.

கம்பெனியின் கையிலிருந்து ஆட்சி முடியின் கைக்கு மாறிய 1858 ஆம் ஆண்டிலேயே இதுபற்றி மூன்று சட்டங்கள் இயற்றப்பட்டன. சித்தசுவாதீனமற்றவரின் சொத்தை யார் பராமரிப்பது, அவரை எங்கே அடைத்துவைப்பது என்பனவே அவற்றின் கவலை. 1912 இன் சட்டம் அடைக்கும் அதிகாரத்தை நீதவானின் ஆணைக்குள் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவிலும் நெடுங்காலம் அதுவே நிலைத்தது.

1987 ஆம் ஆண்டுச் சட்டம் 1993 இல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் கொடுமையையும் அவமதிப்பையும் தடைசெய்தது. ஆனால் தன் விருப்பத்தைக் கூற இயலாத, அல்லது கூறாத ஒருவரை, உறவினரோ நண்பரோ விண்ணப்பித்தால், இரண்டு வைத்தியச் சான்றிதழ்களின் பேரில் 90 நாள் வரை வைத்தியசாலையில் வைத்திருக்கலாம் என்றது. ஆராய்ச்சிக்கு உட்படுத்துவது பற்றிப் பேசுமிடத்தில் சம்மதம் என்ற சொல் வருகின்றது. மருந்துக்கும் மின்னதிர்ச்சிக்கும் அப்படியொரு பாதுகாப்பை அது வைக்கவில்லை.

ஏர்வாடித் தீயின் பின்னர் இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது. சங்கிலியிடுவது சட்டவிரோதம் என்றும், நோயாளிகளைக் கோயில்களுக்கும் தர்ஹாக்களுக்கும் அல்லாது வைத்தியரிடமே கொண்டுசெல்ல வேண்டும் என்றும் மக்களுக்கு அறிவூட்டுமாறு 2002 பெப்ரவரியில் அரசுகளைப் பணித்தது. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் வைத்தியரிடம் போனபின் என்ன? மயக்கமருந்தின்றி மின்னதிர்ச்சி கொடுப்பதைத் தடைசெய்யக் கோரி ஸார்த்தக் என்ற அமைப்பு அதே 2001 இல் அதே நீதிமன்றத்தின் படியேறியிருந்தது. தர்ஹாவின் சங்கிலியை உலகம் பார்த்தது. ஆஸ்பத்திரிச் சுவருக்குள் நடந்ததை அந்த அளவு பார்க்கவில்லை.

2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரண்டையும் ஒரே பிரிவில் தடுத்தது. எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது. தசைதளர்த்தியும் மயக்கமருந்தும் இன்றி மின்னதிர்ச்சி கூடாது. சுகமாயிருக்கும்போதே, நோயுற்றால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என ஒருவர் எழுதிவைக்கலாம். தனக்காகப் பேசும் பிரதிநிதியையும் தானே நியமிக்கலாம். விருப்பமின்றிச் சேர்ப்பதை இச்சட்டமும் முற்றாக ஒழிக்கவில்லை. இருவர் தனித்தனியே பரிசோதித்துச் சொன்னால் 30 நாள் வரை வைத்திருக்க இடமுண்டு. ஆயினும் முடிவெடுக்கும் ஆற்றல் நோயாளிக்குத் திரும்பிவிட்டதா என்று ஏழு நாளைக்கொரு தடவை பார்த்தாக வேண்டும்.

இவ்விடத்தில் எனக்கு அந்தப் பிரசித்தமான ஹதீஸ் நினைவுக்கு வருகின்றது. மூவரைவிட்டுப் பேனா உயர்த்தப்பட்டுள்ளது: உறங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, புத்தி பேதலித்தவர் தெளியும் வரை. பேனா உயர்த்தப்பட்டதை நாம் பிடித்துக்கொண்டோம். 'வரை' என்பதை மறந்தோம். உயர்த்தப்பட்டது குற்றப்பொறுப்பு மாத்திரமே, மனித கண்ணியமல்ல. ஸூரத்துந் நிஸாவின் ஐந்தாம் வசனம், விவேகமற்றோரின் கையில் செல்வத்தை ஒப்படைக்காதீர்கள் என்று கூறும் அதே மூச்சில், அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து நல்ல வார்த்தை பேசுமாறும் பணிக்கின்றது. காவலுக்கு நம்மிடம் குறைவில்லை, பேச்சுத்தான் இல்லாமற்போயிற்று.

நம் நாட்டிலும் 1873 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இயற்றிய சித்தசுவாதீனமற்றோர் கட்டளைச் சட்டம், 1956 இல் உளநோய்கள் கட்டளைச் சட்டமெனப் பெயர் மாறியது. மாவட்ட நீதிபதியின் விசாரணையும் அடைத்துவைக்கும் ஆணையுமே அதன் முதுகெலும்பு. மாற்றுதிருத்தாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. புதிய மனநலச் சட்டத்துக்கான நகல்களும் பலமுறை வரையப்பட்டன.

சட்டம் வரும்போது வரட்டும். திண்ணை மூலையில் இருப்பவரிடம், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. என் குடும்பத்தில் அதைக் கேட்க எனக்கு வயது போதாமலிருந்தது என்று நெடுங்காலம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வயது வந்த பிறகும் நான் கேட்கவில்லை என்பதே உண்மை.